தண்ணி இல்லாத ஊரில் துடுப்பு: வாட், ஹார்ட் ரேட், லாக்டேட்

எங்க ஊர்ல துடுப்புப் போடுறேன்னு சொன்னா சிரிப்பாங்க. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியெல்லாம் சீமைக்கருவேலமும் கரிசலும்தான். குண்டாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். நான் துடுப்புப் போடுவது வீட்டுக்குப் பின்னால், தாத்தா காலத்தில் தறி ஓடிய அறையில். ரோயிங் மெஷினில்.

ஏன் இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா 54 வயதில் போய்விட்டார். ஒரு மே மாத மதியம், சைக்கிள் மிதித்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் நெஞ்சு வலி என்றார். மதுரைக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு இப்போது 44. போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவனுக்கு இது ஆச்சரியம் இல்லை. இடது முழங்கால் சரியில்லாததால் ஓட முடியாது. அதனால் ரோயிங். டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, செய்யலாம் என்ற பிறகுதான் மெஷினே வாங்கினேன். நாற்பதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது இதய நோய் இருந்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

ரோயிங் ஆசை வந்தது சென்னையில் வேலை பார்த்தபோது. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில் இருக்கிறது. காலையில் கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டும்போது ஒல்லிப் படகுகள் போவதைப் பார்ப்பேன். அதெல்லாம் தண்ணி உள்ள ஊர்க்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் அந்த நினைப்பை மாற்றியது. ஒற்றையர் துடுப்புப் போட்டியில் 13-வது இடம் பிடித்த தத்து போகனல், மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவோடு கிணறு வெட்டப் போனவர். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கமும் வாங்கினார். அவர் உயரமும் உழைப்பும் எனக்கு இல்லை. ஆனால் வறண்ட ஊர் என்ற சாக்கு அதோடு போய்விட்டது.

மெஷின் சொல்லும் எண்: வாட்

என்னிடம் இருப்பது கான்செப்ட் 2 வகை. கைப்பிடியை இழுத்தால் ஒரு சக்கரம் சுழலும். காற்றுதான் அதற்குத் தடை. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை மானிட்டர் அளந்து, தடையைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அதனால் வெயில் காலத்தில் காற்று லேசாகிவிட்டாலும் கணக்கு கெடாது. நார்வேயில் 100 வாட் என்றால் அருப்புக்கோட்டையிலும் 100 வாட்தான். இதுதான் எனக்கு இந்த மெஷினில் பிடித்த விஷயம்.

வேகத்துக்கும் வாட்டுக்கும் உள்ள உறவு மூன்றடுக்கு. 500 மீட்டருக்கு 2 நிமிஷம் 30 விநாடி என்றால் சுமார் 104 வாட். அதையே 2 நிமிஷத்தில் முடிக்க 203 வாட் வேண்டும். அரை நிமிஷம் குறைக்க, சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! புதிதாக ஆரம்பிப்பவர்கள் திரையில் வேகத்தைப் பார்த்து "இன்னும் ரெண்டு விநாடிதானே" என்று இழுத்து மூச்சு வாங்குவது இதனால்தான். திரையை வாட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சு மாசத் தப்பு

முதலில் எல்லாரையும் போல 220-இலிருந்து வயதைக் கழித்தேன். 176 வந்தது. அதில் 70-லிருந்து 80 சதவீதம் வரை லேசான பயிற்சி என்று ஓர் அட்டவணையில் போட்டிருந்தது. நான் 80-ஐ ஒட்டியே, 140-க்குப் பக்கத்தில், வாரம் ஐந்து நாளும் இழுத்தேன். உற்சாகம் வந்தால் 145.

இந்த 220 கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் மூவரும் எழுதிய கட்டுரையில் வருகிறது. அதற்கென்று தனியாக ஆய்வு நடத்திக் கண்டது இல்லை. அதுவரை கிடைத்த தரவுப் புள்ளிகளின் மேல் தோராயமாகப் போட்ட கோடு. 2001-ல் தனாகா குழு பல ஆய்வுகளைத் தொகுத்து 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னது. எனக்கு அதுவும் 177தான் தருகிறது. பிரச்சினை கணக்கில் இல்லை. இரண்டுமே சராசரி. தனி ஆளுக்கு 10 துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சாதாரணம்.

அஞ்சு மாசம் போச்சு. 30 நிமிஷத்தில் 6,450 மீட்டர், அங்கேயே நின்றது. இரண்டு தடவை அசதியில் பத்து நாள் விட்டுவிட்டேன். அம்மா ஒருநாள் கதவோரம் நின்று கேட்டார்: "ஏன்டா, லேசா பண்றேன்னு சொல்ற, மாடு மாதிரி மூச்சு வாங்குறியே?" அந்தக் கேள்விதான் லாக்டேட் பக்கம் தள்ளியது.

லாக்டேட் என்பது கண்மாய் மட்டம்

பள்ளிக்கூடத்தில் படித்தது: ஆக்சிஜன் பற்றாத தசையில் லாக்டிக் அமிலம் என்ற கழிவு சேர்கிறது, அதனால் வலிக்கிறது. இந்தப் படம் பழையது. சர்க்கரையை உடைக்கும்போது, ஆக்சிஜன் இருக்கும்போதே, தசை லாக்டேட்டை உண்டாக்குகிறது. பக்கத்து இழைகளும் இதயமும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. கல்லீரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக்குகிறது. பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து இதை விளக்கி வருகிறார். மறுநாள் வரும் உடம்பு வலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தமில்லை; அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும்.

எங்க ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால், ரத்த லாக்டேட் கண்மாயின் நீர்மட்டம். வரத்துக்காலில் தண்ணீர் வருகிறது, மடையில் போகிறது. மட்டம் உயரவில்லை என்றால் வரத்தே இல்லை என்று அர்த்தமில்லை. வருவதும் போவதும் சமமாக இருக்கிறது. வேலையைக் கூட்டக் கூட்ட ஒரு கட்டத்தில் மட்டம் லேசாக ஏற ஆரம்பிக்கும். அது முதல் வாசல். பெரும்பாலும் 2 மில்லிமோலுக்குப் பக்கம். இன்னும் கூட்டினால் மடையால் சமாளிக்க முடியாமல் மட்டம் விறுவிறு என்று ஏறும். அது இரண்டாம் வாசல். 1970-களில் ஜெர்மனியில் அலோய்ஸ் மாடர் குழு அதற்கு 4 என்ற எண்ணைக் கொடுத்தது. அதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

நிதானமான பயிற்சி செய்வது மடையை அகலப்படுத்தும் வேலை. தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. 2018-ல் சான் மில்லானும் புரூக்ஸும் வெளியிட்ட ஆய்வில், வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த வாட்டிலேயே லாக்டேட் ஏறியது. தொழில்முறை சைக்கிள் வீரர்களுக்கு வெகு தாமதமாக ஏறியது. 6.1 எச்பிஏ1சி உள்ளவன் இந்தக் கோட்டை ஏன் தேடுகிறான் என்று இப்போது புரியும்.

டெஸ்ட் எடுத்த விதம்

சுகர் மீட்டர் போலவே கையடக்க லாக்டேட் மீட்டர் கிடைக்கிறது. ஸ்ட்ரிப் விலைதான் சுகர் ஸ்ட்ரிப்பைவிடப் பல மடங்கு. ஐந்து படி, ஒவ்வொன்றும் 5 நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு துளி ரத்தம். காலை 5:30, அறையில் 27 டிகிரி.

75 வாட்: துடிப்பு 112, லாக்டேட் 1.1
100 வாட்: 126, 1.2
125 வாட்: 139, 1.9
150 வாட்: 153, 3.4
175 வாட்: 166, 6.3

நான் செய்த தப்புகளையும் சொல்கிறேன். முதல் தடவை மூன்றாவது படியிலேயே 7-க்கு மேல் காட்டியது, பயந்துவிட்டேன். காரணம் வியர்வை. வியர்வையில் ரத்தத்தைவிட அதிக லாக்டேட் உண்டு. தோலைத் தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, முதல் துளியை விட்டுவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். அடுத்தது சாப்பாடு. முந்தின இரவு சோறே இல்லாமல் இருந்து டெஸ்ட் எடுத்தால் தசையில் சர்க்கரை இருப்பு குறைந்து, எண் பொய்யாகக் கீழே வரும். நல்ல தேர்ச்சி வந்துவிட்டது என்று ஏமாந்து போவோம். ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம். சிறு கருவி என்பதால் 0.2, 0.3 வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். கோட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

கோடு சொன்னது: எனக்கு முதல் வாசல் 115 வாட் பக்கம், துடிப்பு 134. நான் "லேசாக" இழுத்தது 130 வாட், 140-க்கு மேல். தினமும் வாசலைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறேன். ஒரே நாளுக்கு அது தப்பில்லை. வாரம் ஐந்து நாளும் செய்ததால்தான் உடம்பு தேறவே நேரம் கிடைக்கவில்லை.

பெரிய வீரர்கள் இதில் எங்களைவிட நிதானம். நார்வே துடுப்பு வீரர்களின் 1970 முதல் 2001 வரையான பயிற்சியை ஃபிஸ்கர்ஸ்ட்ராண்டும் சைலரும் 2004-ல் தொகுத்தார்கள். வருஷப் பயிற்சி 924 மணியிலிருந்து 1,128 மணியாக ஏறியது. ஆனால் கூடியது லேசான பயிற்சி: லாக்டேட் 2-க்குக் கீழே செய்தது மாதம் 30 மணியிலிருந்து 50 ஆனது. போட்டி வேகத்திலும் அதற்கு மேலும் இழுத்தது 23 மணியிலிருந்து சுமார் 7 ஆகக் குறைந்தது.

வெயில் வாங்கும் தனிக் கூலி

சரி, 134 துடிப்பில் ஓட்டினால் போதும்தானே? எங்க ஊரில் போதாது. மே மாதத்தில் ஒரே 110 வாட்டில் 45 நிமிஷம், இரண்டு நாள் இழுத்துப் பார்த்தேன்.

காலை, 27 டிகிரி: துடிப்பு 128-ல் ஆரம்பித்து 133-ல் முடிந்தது. லாக்டேட் 1.4. எடை 400 கிராம் குறைந்தது.
மாலை, 37 டிகிரி: 131-ல் ஆரம்பித்து 152-ல் முடிந்தது. லாக்டேட் 1.8. எடை 1.1 கிலோ குறைந்தது.

வாட் ஒன்று. தசைக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இதயம் 19 துடிப்பு கூடுதலாக அடிக்கிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போக வேண்டும். வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைய, எண்ணிக்கையைக் கூட்டித்தான் இதயம் ஈடுகட்டுகிறது. இந்த இடத்தில் அந்த மதியச் சைக்கிள் ஞாபகம் வந்தது. அப்பா மிதித்தது பெரிய வாட்டாக இருந்திருக்காது. அவருக்கு பீடியும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு ஒரு கூலி, வெயிலுக்கு ஒரு கூலி என்று இதயம் இரண்டையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கும்.

ஆக, மூன்று எண்ணும் மூன்று கேள்விக்குப் பதில். வாட், நான் செய்த வேலை. லாக்டேட், அந்த வேலை என் தசைக்கு எவ்வளவு பாரம். ஹார்ட் ரேட், அன்றைக்கு இதயம் கொடுத்த விலை. ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகித்தால் தப்பு வரும்.

இப்போது செய்வது

வாரம் நாலு நாள், விடிவதற்கு முன், 45-லிருந்து 60 நிமிஷம். இரண்டு வரம்பு: 110 வாட், 138 துடிப்பு. எது முதலில் வருகிறதோ அங்கே நிற்பேன். புழுக்கமான நாளில் 95 வாட்டுக்கு இறங்கினாலும் கவலைப்படுவதில்லை. ஒரே ஒருநாள் கடினமாக: 165 வாட்டில் 4 நிமிஷம், நாலு தடவை. சித்திரை தொடங்கும்போது முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்கிறேன். வெயிலுக்கு உடம்பு பழக 10, 14 நாள் பிடிக்கும்.

ஏழு மாதம் கழித்து, அதே காலை, அதே சாப்பாடு. 125 வாட்டில் துடிப்பு 129, லாக்டேட் 1.3. 150 வாட்டில் 143, 2.2. எச்பிஏ1சி 5.8. சோற்றையும் குறைத்திருக்கிறேன், அதனால் மெஷினுக்கு முழுப் புகழும் கொடுக்க மாட்டேன்.

லாக்டேட் மீட்டர் எல்லாருக்கும் தேவையில்லை. இழுக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் முதல் வாசலுக்குக் கீழே இருக்கிறீர்கள். இப்போதெல்லாம் அம்மா காபியோடு வந்து நின்று ஊர்க்கதை பேசுகிறார், நானும் இழுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். செலவில்லாத டெஸ்ட் அது. அடுத்த ஸ்ட்ரிப் ஐப்பசி மழைக்குப் பிறகுதான்.