பழைய ஆங்கிலக் கடிதத்தில் மாதம் எங்கே?

பாட்டனார் காலத்து வியாபாரக் கடிதங்களையோ கச்சேரிக் காகிதங்களையோ படிக்க உட்கார்ந்தால் ஒரு வரி கட்டாயம் கண்ணில் படும்: “தங்களுடைய 28 அல்ட். கடிதம் கிடைத்தது.” நாள் இருக்கிறது, மாதத்தைக் காணோம். உண்மையில் மாதமும் அங்கேதான் இருக்கிறது. ‘அல்டிமோ’ என்றால் சென்ற மாதம், ‘இன்ஸ்டன்ட்’ என்றால் நடப்பு மாதம், ‘ப்ராக்ஸிமோ’ என்றால் அடுத்த மாதம். அல்ட்., இன்ஸ்ட்., ப்ராக்ஸ். என்று சுருக்கி எழுதுவார்கள்.

கடிதத்தின் தலையில் 1912 மார்ச் 5 என்றிருந்தால், 28 அல்ட். என்பது பிப்ரவரி 28, 3 இன்ஸ்ட். என்பது மார்ச் 3, 10 ப்ராக்ஸ். என்பது ஏப்ரல் 10. ஜனவரிக் கடிதங்களில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அங்கே ‘அல்ட்.’ என்றால் டிசம்பர், அதுவும் முந்தைய ஆண்டு. ஜனவரியில் எழுதிய கடிதத்தைப் பிப்ரவரிப் பத்திரிகை எடுத்துப் போட்டிருந்தாலும் கவனம் வேண்டும். அதிலுள்ள ‘இன்ஸ்ட்.’ ஜனவரியையே குறிக்கும்.

இன்னும் பின்னோக்கிப் போனால் ஆண்டே மாறிவிடும். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்ட நாளை அன்றைய ஆவணங்கள் 1648 ஜனவரி 30 என்கின்றன. நாம் 1649 என்கிறோம். இரண்டும் ஒரே நாள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆரம்பகாலக் குறிப்புகளைப் படிப்பவர்களும் இதை மறக்கக் கூடாது. சிலர் குழப்பம் வேண்டாமென்று 1709/10 என்று இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எவ்வளவு நல்ல வழக்கம்!

இன்றும் புழங்கும் சில தொடர்கள் உண்டு. பிரிட்டனில் ‘ஃப்ரைடே வீக்’ என்றால் வருகிற வெள்ளி அல்ல, அதற்கும் அடுத்த வெள்ளி. ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை மணி. ஆனால் ஜெர்மானியர் தம் மொழியில் அதே போலச் சொன்னால் ஆறரை! ‘ஃபோர்ட்நைட்’ பதினான்கு நாள். அமெரிக்கர் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. ‘பைவீக்லி’யை மட்டும் நம்பவே வேண்டாம். வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு பொருளையும் அகராதிகள் தருகின்றன. எழுதியவரையே கேட்டுவிடுங்கள்.

பழைய கடிதத்தைப் படியெடுக்கும்போது ‘28 அல்ட்.’ என்பதைத் திருத்தாமல் அப்படியே எழுதி, நீங்கள் கணக்கிட்ட தேதியைப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். உங்கள் கணக்கு தவறினாலும் அடுத்து வருபவர் சரிபார்க்க மூலம் அங்கேயே இருக்கும்.