ஆச்சி கூட்டிவைக்கும் உறவுகள்

போருக்குப் பின்னான முல்லைத்தீவுக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது வீடு, காணி, வாழ்வாதாரம், கடன் என்பவற்றைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் இடப்பெயர்வுகளால் திசைக்கொருவராகச் சிதறிய உறவினரை மீண்டும் ஒரு முற்றத்தில் கூட்டிவைக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. நான் சென்றுவரும் வீடுகளில் அந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணாகவே இருக்கிறார். அதற்குச் சம்பளம் இல்லை, பெயரும் இல்லை. அத்தகைய ஆச்சி ஒருவரின் ஓராண்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முள்ளியவளையில் வாழும் அவருக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. அவரது விருப்பப்படி பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். மூத்த மகள் தன் கணவரை 2009ஆம் ஆண்டு எறிகணை வீச்சில் இழந்து, ஆச்சியுடனேயே இருக்கிறார். ஒரு மகன் குமுழமுனையில் வயல் செய்கிறார். ஒரு மகள் வவுனியாவிலும் இன்னொரு மகள் கனடாவிலும் வாழ்கிறார்கள். ஒரு மகன் போரில் இறந்துவிட்டார். கடைசி மகனைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பின் எந்தத் தகவலும் இல்லை. அவருடைய மனைவி தண்ணீரூற்றில் ஒரே மகனுடன் வசிக்கிறார். பேரப்பிள்ளைகள் பதினொருவர்.

இந்தக் குடும்பத்தின் புகைப்பட அல்பங்கள் யாவும் இறுதி இடப்பெயர்வின்போது தொலைந்துவிட்டன. “படமெல்லாம் போட்டுது பிள்ளை. முகங்கள்தான் மிச்சம். அதை அடிக்கடி ஒரு இடத்திலை பார்க்க வேணும். இல்லாட்டில் பேரப்பிள்ளையள் ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் வளர்ந்திடுங்கள்” என்கிறார் ஆச்சி.

தையும் புதிரும்

ஆச்சியின் ஆண்டு தைப்பொங்கலுடன் தொடங்குகிறது. குமுழமுனை மகன் முதல்நாளே தேங்காயும் விறகும் கொண்டுவந்து விடுவார். காலபோக நெல் அறுவடையானதும் புதிர் எடுத்து, புது அரிசியில் ஒரு பங்கு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போகும். போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லாத ஆண்டுகளில் வவுனியா மகளின் பங்கு பஸ்ஸிலே போனது.

2010ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை ஆச்சி செட்டிகுளம் முகாமில் கழித்தார். பால்மா ரின் ஒன்றிலே, மூன்று கல்லை வைத்துப் பொங்கினாராம். “பானையிலை பொங்கினால்தான் பொங்கலோ? கிழக்கைப் பார்த்துப் பொங்கிச்சுது, காணும்” என்று சிரித்தார்.

ஊருக்குத் திரும்பிய பின் வந்த முதலாவது பொங்கலில் ஒரு பிரச்சினை எழுந்தது. பானையில் முதல் அரிசியை யார் போடுவது? வழக்கமாக மூத்த மகளே போடுவார். இப்போது அவர் கணவனை இழந்தவர். மங்கல காரியத்தில் அவர் முன்னுக்கு நிற்கலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டுவிட்டார். மகளும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். இந்தக் காட்சி நம்மில் பலருக்குப் பழக்கமானதே. கலியாண வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் நம் சகோதரிகள் எத்தனை பேர் பின்கதவால் வந்து பின்கதவால் போகிறார்கள்!

ஆச்சி அன்று சொன்னதை மகள் இன்றும் வார்த்தை மாறாமல் சொல்லுவார்: “முகாமிலையும் கொட்டிலிலையும் எங்களுக்குச் சோறு போட்டவள் இவள். சோறு காய்ச்சலாம், பொங்கல் பொங்கக்கூடாதோ? அரிசியைப் போடு பிள்ளை.” அன்று தொடக்கம் அந்த வீட்டில் முதல் அரிசியை மூத்த மகளே போடுகிறார். இப்போது அதைப் பற்றி எவரும் கதைப்பதில்லை. ஒரு வழக்கத்தை மாற்றக் கூட்டங்களும் கருத்தரங்குகளும் தேவைதான். ஆயினும் வீட்டின் மூத்த பெண் ஒருவர் முற்றத்தில் நின்று சொல்லும் ஒரு சொல்லுக்கு உள்ள பலம் பெரிது.

வைகாசிப் பொங்கல்

சித்திரை வருடப்பிறப்பில் மருத்துநீரும் கைவிசேசமும் முடிந்தவுடன் ஆச்சி வைகாசிக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவார். நந்திக்கடலோரத்தில் இருக்கும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் வன்னி மக்கள் அனைவருக்கும் உரியது. பாக்குத் தெண்டலில் தொடங்கி, கடலில் தீர்த்தம் எடுத்து, அந்தக் கடல்நீரை முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து விளக்கேற்றுவார்கள். ஒரு வாரம் உப்புநீரில் விளக்கு எரியும் என்பது அடியவர்களின் நம்பிக்கை. ஞாயிறு காட்டு விநாயகர் பொங்கல், திங்கள் வற்றாப்பளைப் பொங்கல். ஞாயிறு இரவு ஆச்சி வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் பாய் விரிக்க இடமிருக்காது.

அன்றிரவு பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி சொல்லும் கதை ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுதான். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாப்பளை, பின்னர் வற்றாப்பளையாயிற்று என்பது ஐதீகம். அங்கே அவர் ஒரு மூதாட்டியின் வடிவில் வந்து, மாடு மேய்த்த சிறுவரிடம் பொங்கித் தரும்படி கேட்டார். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னார். தலையில் பேன் பார்த்த சிறுவர் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். இந்த இடத்தில் ஆச்சி தன் மகளையும் மருமகளையும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லுவார்: “அம்மாளும் புருசனைப் பறிகுடுத்திட்டு, வீடு வாசல் இல்லாமல் நடந்து வந்தவாதான். அவவுக்குத்தான் இவ்வளவு சனமும் பொங்குது.”

2009 வைகாசியில் இந்தக் குடும்பம் முட்கம்பி வேலிக்குள் இருந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் வாகனம் பிடிக்க முடியவில்லை. குமுழமுனைக்காரர் சைக்கிளில் வந்தார்கள். மற்றவர்கள் ஆச்சியின் பின்னால் நடந்தே வற்றாப்பளைக்குப் போனார்கள். “சின்னனிலை நாங்கள் மாட்டு வண்டிலிலைதானே போனனாங்கள்” என்பதே ஆச்சியின் பதில்.

கோடையில் காட்டோரம்

பாலைப்பழக் காலம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முன்னைய நாட்களில் ஆச்சி தன் தாயுடன் கூடையோடு காட்டுக்குப் போனவர். மீள்குடியேறிய தொடக்க ஆண்டுகளில் அது முடியவில்லை. காட்டோரமெங்கும் மிதிவெடி அபாயப் பலகைகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் சந்தையில் ஒரு சுண்டு பழம் வாங்கி, பேரப்பிள்ளைகளை முற்றத்தில் இருத்திப் பங்கிட்டாராம். இப்போது வெடிபொருள் அகற்றி அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு, பெரியவர்கள் துணையுடன் போகிறார்கள். பாலைப்பழம் தின்று ஒட்டிய உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிவிடுவது ஆச்சியின் வேலை.

ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். கனடா மகள் அன்று தொலைபேசியில் வந்து, கூழ்ப்பானையைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். இந்தச் சந்தோசங்களுக்குப் பின்னால்தான், ஆச்சியின் ஆண்டிலேயே மிகக் கடினமான நாள் வருகிறது. அது ஆடி அமாவாசை.

விரதம் பிடிப்பதா, விடுவதா?

தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் தீர்த்தமாடித் தர்ப்பணம் செய்து, காத்தோட்டிக்காய் உட்படப் பல கறிகளுடன் விரதம் முடிப்பது நம் வழக்கம். போரில் இறந்த மகனின் ஆண்பிள்ளைகள் இருவரும் ஒவ்வோர் ஆண்டும் முல்லைத்தீவுக் கடலில் இதைச் செய்கிறார்கள். கடைசி மகனின் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில், “பெடியன் வளர்ந்திட்டான். இனி இவனும் தகப்பனுக்குச் செய்யத்தானே வேணும். செய்யாட்டில் பாவம்” என்று அயலவர் ஒருவர் சொல்லிவிட்டார். அவனது தாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்தால், கணவர் இறந்துவிட்டாரென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இறைக்காவிட்டால், இறந்திருக்கக்கூடிய கணவருக்குச் செய்ய வேண்டியதைத் தடுத்ததாகிவிடும்.

அமெரிக்க அறிஞர் பௌலின் பொஸ் இத்தகைய நிலையைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களையும் அவர் ஆராய்ந்தவர். இறப்பு உறுதியாகாத இடத்தில் துக்கம் முடிவதும் இல்லை, தொடங்குவதும் இல்லை. அது அந்தக் குடும்பத்தின் பலவீனம் அன்று, நிலைமையின் தன்மையே என்பது அவரது விளக்கம். நம் நாட்டிலும் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெறுவதற்கு 2016இல் நிறைவேறிய சட்டம் இடமளித்தது. இறந்தவர், இருப்பவர் என்ற இரண்டுக்கும் இடையில் சட்டம் ஓர் இடத்தை உண்டாக்கியது. நம் சடங்குகளில் அப்படியோர் இடம் இருக்கவில்லை. அதை ஆச்சி உண்டாக்கினார்.

மருமகளையும் பேரனையும் கூப்பிட்டு அவர் சொன்னது இதுதான்: “நான் பெத்தவள். நான் இன்னும் அவனைச் சாகக் குடுக்கேல்லை. பேரன் எங்களோடை கடலுக்கு வரட்டும். தண்ணி இறைக்க வேண்டாம். அண்ணன்மார் முழுகிப்போட்டு வரேக்கை துவாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும். வீட்டை வந்து எல்லாரோடையும் ஒரு பந்தியிலை இருந்து சாப்பிடட்டும். நாளைக்கு அவனாய் யோசிச்சுச் செய்ய வேணுமெண்டால் நான் மறிக்கமாட்டன். நீயும் மறியாதை பிள்ளை.”

அந்தப் பையன் அவ்வாறே செய்து வருகிறான். அன்று அந்த வீட்டில் காணாமற்போன மகனுக்குப் படையல் இல்லை. ஆனால் அவர் விரும்பிச் சாப்பிடும் வாழைக்காய்ப் பொரியல் கட்டாயம் இருக்கும். “படைக்கேல்லை. அவனை நினைச்சுச் சமைக்கிறன்” என்கிறார் ஆச்சி. அயலவர் கேட்டால் பதில் சொல்ல மருமகளுக்கு இப்போது மாமியின் சொல் துணையிருக்கிறது. “நான் தனியச் சொன்னால் ஒருத்தரும் கேளாயினம். மாமி சொன்னபடியால் சரியாப்போச்சு” என்று அவர் என்னிடம் கூறினார். அவர் நெற்றியில் பொட்டு வைப்பதைப் பற்றியும் அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மாரி வந்தால்

கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு நல்ல மழை பெய்தால், குமுழமுனை மகன் உழவு இயந்திரத்தின் பெட்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு முத்தையன்கட்டுக்குளம் வான் பாய்வதைக் காட்டப் போவார். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போகும் இந்தப் பயணத்துக்கு ஆச்சி இன்னும் தவறுவதில்லை. வெள்ளப் பெருக்கில் இறங்கக்கூடாதென்பது மாத்திரம் கண்டிப்பான சட்டம்.

மார்கழி 26ஆம் திகதி பயணம் வேறு வகையானது. 2004 ஆழிப்பேரலையில் ஆச்சியின் தங்கையும் அவரின் இரண்டு பிள்ளைகளும் முல்லைத்தீவுக் கரையில் இறந்தார்கள். அன்று கடற்கரையில் விளக்கேற்றிவிட்டு, இறந்தவர்களின் பெயர்களைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவிப்பார். பேத்தி ஒருத்தி அவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்திருக்கிறாள். இருப்பவர்களின் பிறந்த திகதிகள், இறந்தவர்களின் திதிகள், யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசிச் சித்தப்பாவின் பெயர் தனிப்பக்கத்தில் இருக்கிறது. திகதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள்.

நாம் செய்யக்கூடியவை

கனடாவைச் சேர்ந்த சமூகவியலாளர் கரலின் ரோசென்தால், உறவினரிடையே தொடர்பைப் பேணுவதும் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்யும் வேலையே என்றும், அது பெரும்பாலும் பெண்களிடமே வருகிறது என்றும் 1985இல் எழுதினார். நம் ஊரில் அந்த வேலை இன்னும் பாரமானது. இங்கே கூடுபவர்களுள் விதவை இருக்கிறார், காணாமற்போனவரின் மனைவி இருக்கிறார், அங்கவீனமுற்றவர் இருக்கிறார், தாய் தந்தை இல்லாத பிள்ளை இருக்கிறது. ஒவ்வொருவரும் தலைநிமிர்ந்து உட்காரக்கூடிய பந்தியை அமைப்பது இலேசான காரியமன்று.

அன்பான சகோதரிகளே, ஆச்சியிடம் நான் கண்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்லலாம். ஆண்டில் ஒரு நாளையாவது உறவுக்கென்று ஒதுக்குங்கள். அதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். நகை அடைவு வைக்காதீர்கள். ஆச்சி வீட்டில் ஒருவர் அரிசி, ஒருவர் தேங்காய், ஒருவர் மரக்கறி என்று கொண்டுவருகிறார்கள். ஏலாதவர் வெறுங்கையுடன் வந்தால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. துக்கத்தில் இருப்பவரைச் சிரிக்கும்படி வற்புறுத்த வேண்டாம். வந்து ஓரமாக இருந்தாலும் போதும். உறவென்று சொல்ல எவரும் இல்லாத சகோதரி அயலில் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். கணவனை இழந்த பெண்ணைக் குசினிக்குள் விடாமல் முற்றத்துக்குக் கூட்டிவாருங்கள்.

ஆச்சிக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. சென்ற வைகாசியில் வற்றாப்பளைக்கு ஓட்டோவில்தான் போனார். அடுத்தடுத்த ஆண்டுகளில் யாருக்கு எப்போது அழைப்புச் சொல்ல வேண்டும் என்பதை மூத்த மகளும் கொப்பி எழுதும் பேத்தியும் இப்போதே பழகுகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு ஆச்சி இருப்பாராயின், அவர் இருக்கும்போதே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிவையுங்கள். ஒரு கொப்பியும் ஒரு பின்னேரமும் போதும்.