கம்பிவழிப் பகிடி: தந்தியாளரின் தொழில்சாராப் பேச்சு பற்றிய ஒரு நோக்கு

தொழில் நிகழும் இடங்களிற் பேசப்படுவது முழுவதும் தொழில் பற்றியதன்று. மழை, உணவு, பயணம், வீட்டுச் செய்தி, அயலவரைப் பற்றிய கேலி என்பனவும் அங்கு இடையறாது பேசப்படுகின்றன. நமது பேச்சுவழக்கில் இவற்றைப் பகிடி என்றும் ஊர்க்கதை என்றும் கூறி ஒதுக்கிவிடுகிறோம். நிருவாகத்தின் கணக்கில் இது நேரவிரயம். தொழிலாளரின் வரலாற்றை எழுத முனைவோர்கூடக் கூலி, வேலைநேரம், வேலைநிறுத்தம் என்பனவற்றைக் குறித்துவைத்துவிட்டு இப்பேச்சைக் கடந்து செல்வதே பெருவழக்கு. அவ்வாறு கடந்து செல்வது தவறானது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொள்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த தந்தியாளர் சமூகம். அதனைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கூரையின் கீழ் வேலை செய்வோர் நண்பராவதில் வியப்பில்லை. தந்தியாளரோ நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, பேச்சினால் மட்டும் ஒரு சமூகமானவர்கள்.

இத்தகைய பேச்சுக்கு மானிடவியலில் முதன்முதலாக உரிய இடம் அளித்தவர் புரொணிஸ்லோ மலினோவ்ஸ்கி எனலாம். 1923இல் வெளிவந்த ஒரு பின்னிணைப்புக் கட்டுரையில், செய்தி எதனையும் தெரிவிக்காது உறவை மட்டும் நிலைநிறுத்தும் பேச்சுவகை ஒன்று உண்டென அவர் சுட்டிக்காட்டினார். துரோபிரியண்ட் தீவுகளில் அவர் நடத்திய களஆய்வே அக்கருத்துக்குப் பின்புலமாக அமைந்தது. 1960இல் ரோமன் யாக்கோப்சன் இக்கருத்தை மொழியியலுக்குள் கொண்டுவந்து, தொடர்பு வழி திறந்திருக்கிறதா எனச் சோதித்தறியும் பணியையும் அதனுள் அடக்கினார். இருவரும் பயனுள்ளதையே கூறினர். ஆயினும் இவ்விளக்கங்களில் ஒரு குறை தென்படுகின்றது. பேசுவோர் யாருடைய நேரத்தில், யாருடைய உடைமையைப் பயன்படுத்திப் பேசுகின்றனர் என்ற வினா அங்கு எழுவதில்லை. தந்தியாளரைப் பொறுத்தவரை அவ்வினாவே முதன்மையானது. கம்பியும் மின்கலமும் கம்பனிக்குரியவை. பேச்சு மட்டுமே அவர்களுடையது.

முதலில் அக்கருவியின் இயல்பை நோக்குவோம். 1844 மே 24ஆந் திகதி வோஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையில் சாமுவேல் மோர்ஸின் தந்திப்பாதை திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியிலேயே அப்பாதையின் இரு முனைகளிலும் இருந்தோர் சதுரங்கம் ஆடினர். பலகையின் கட்டங்களுக்கு எண்ணிட்டு நகர்வுகளைக் கம்பிவழி அறிவித்தனர். அரசாங்கப் பணத்தில் அமைக்கப்பட்ட ஒரு புதிய சாதனம் சில மாதங்களுக்குள் விளையாட்டுக்கும் பயன்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

மோர்ஸ் தமது கருவி புள்ளிகளையும் கோடுகளையும் காகித நாடாவிற் பதியவேண்டும் என்றே கருதினார். தந்தியாளரோ நாளடைவில் நாடாவைப் பாராது, கருவி எழுப்பும் ஒலியைச் செவியாற் கேட்டே செய்தியை எழுதப் பழகினர். நிருவாகங்கள் இதனை முதலில் விரும்பவில்லை. பின்னர் வேகத்தின் பொருட்டு ஏற்றுக்கொண்டன. இம்மாற்றத்தினால் எழுத்தாக இருந்த தந்தி பேச்சாயிற்று. ஒவ்வொருவர் கைக்கும் தனித்த சந்தம் உண்டு. குரலைக் கொண்டு ஆளை அறிவதுபோல, தேர்ந்த தந்தியாளர் தட்டும் முறையைக் கொண்டே மறுமுனையில் இருப்பவர் யாரென அறிந்தனர்.

இதனினும் முக்கியமானது மின்சுற்றின் அமைப்பாகும். அமெரிக்கப் புகையிரதப் பாதைகளை அடுத்துச் சென்ற கம்பி ஒன்றிற் பல நிலையங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன. ஓய்வு நிலையிற் சுற்று மூடியே இருக்கும். ஒருவர் தமது சாவியைத் திறந்து தட்டினால் அக்கம்பியில் உள்ள எல்லா நிலையங்களிலும் ஒலிப்பான்கள் ஒருங்கே ஒலிக்கும். எவரும் இடைமறிக்கலாம். இடைமறிப்பவர் சாவியைத் திறந்ததும் அனுப்புபவரின் ஒலிப்பான் ஓய்ந்துவிடும். அவர் நிறுத்திக் கேட்பார். எனவே அக்கம்பி இருவருக்கிடையே அமைந்த தனிவழியாக இருக்கவில்லை. பல ஊர்களை ஊடுருவிச் சென்ற ஒரு பொதுத் திண்ணையாகவே இருந்தது. புகையிரதம் வராத நள்ளிரவு வேளைகளில், புல்வெளி நடுவே தனித்திருந்த நிலையத்துத் தந்தியாளருக்கு அத்திண்ணையை விட்டால் வேறு கூட்டமில்லை.

இத்திண்ணைக்கெனச் சில வழக்குகள் தோன்றின. ஒவ்வொருவரும் ஓரிரு எழுத்துகளாலான அடையாளக் குறியொன்றைப் பூண்டிருந்தனர். பலரை அவர்தம் இயற்பெயரால் எவரும் அறியார், குறியே பெயராயிற்று. காலை வணக்கமும் இரவு வணக்கமும் இரண்டெழுத்துகளிற் சுருங்கின. 1859 அளவில் வெஸ்டர்ன் யூனியன் கம்பனி 1 முதல் 92 வரையான எண்களுக்குப் பொருள் வகுத்து ஒரு குறியீட்டுப் பட்டியலை வழங்கியது. வேலையை விரைவுபடுத்தவே அது வகுக்கப்பட்டது. ஆயினும் 73 என்னும் எண் நல்வாழ்த்துக் கூறுவதற்கும், 30 என்னும் எண் 'முடிந்தது' எனக் கூறுவதற்கும் தொழிலாளரிடையே நிலைபெற்றன. பத்திரிகையாளர் தமது செய்தியின் இறுதியில் 30 என எழுதும் வழக்கையும் தந்தியுடன் தொடர்புபடுத்துவர். கம்பனிகளின் விதிநூல்களோ கம்பியிற் சண்டையிடுதலையும் தகாத சொற்களையும் தேவையற்ற உரையாடலையும் தடைசெய்தன. ஒரு செயல் நிகழாத இடத்தில் அதற்குத் தடைவிதி எழுதப்படுவதில்லை.

இப்பேச்சு எப்பொழுதும் இனிமையாக இருந்ததென எண்ணிவிடக்கூடாது. பகிடிக்கும் பகிடிவதைக்கும் இடையிலுள்ள தூரம் குறுகியது என்பதை நமது பல்கலைக்கழகங்களை அறிந்தோர்க்கு விளக்கவேண்டியதில்லை; 1998இல் அதற்கெனவே ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது. தந்தியாளரிடையேயும் புதியவரை வதைக்கும் வழக்கம் இருந்தது. மிக விரைவாகத் தட்டவல்ல ஒருவரை மறுமுனையில் அமர்த்தி, புதியவர் தடுமாறித் திரும்பத் திரும்ப இடைமறிப்பதைக் கண்டு எல்லோரும் நகைப்பர். 1868இல் பொஸ்டன் நகர அலுவலகத்திற் சேர்ந்த தோமஸ் அல்வா எடிசனுக்கு நேர்ந்ததாக அவரே பின்னாளிற் கூறிய கதை புகழ்பெற்றது. அலங்கோலமான உடையுடன் வந்த இளைஞரை நியூ யோர்க்கின் வேகமிக்க தந்தியாளர் ஒருவருடன் மோதவிட்டனர். எடிசன் தளராது எழுதிக்கொண்டே போனார். ஈற்றிற் சாவியைத் திறந்து, கை களைத்திருக்கும், இனி மற்றக் காலால் அனுப்பலாமே என்ற கருத்துப்பட அவருக்கு விடையிறுத்தாராம். கதையிற் புனைவு கலந்திருக்கலாம். ஆனால் அது காட்டும் வழமை உண்மையானது. வேகமாகக் கேட்கத் தெரிவது மட்டும் போதாது, பகிடிக்குப் பகிடியால் விடைகூறத் தெரிந்தவரே அச்சமூகத்துள் ஏற்கப்பட்டார். திறமை குன்றியோருக்கு ஏளனப் பெயர்கள் இருந்தன. சிறிய புகையிரத நிலையங்களிற் பணிபுரிந்தோர் பெருநகரத் தந்தியாளரின் ஏளனத்துக்கு எளிதில் இலக்காயினர்.

பெண்களின் நிலை இதனினும் சிக்கலானது. தந்தித் தொழிலிற் பெண்கள் தொடக்க காலத்திலிருந்தே பங்கு பெற்றனர். பெரிய அலுவலகங்களில் அவர்களைத் தனி மண்டபத்திலோ தட்டி மறைவிலோ அமர்த்தினர். ஊதியமும் குறைவாகவே கொடுத்தனர். ஆயினும் கம்பியில் தட்டி கிடையாது. ஈரெழுத்துக் குறிக்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா என்பதை ஒலிப்பான் கூறாது. தாமே தந்தியாளராக இருந்த எல்லா சீவர் தேயர் 1879இல் வெளியிட்ட 'வயர்ட் லவ்' என்னும் நாவல் இந்நிலையிலிருந்தே பிறந்தது. அதன் நாயகி, ஆணா பெண்ணா எனத் தெரியாத ஒரு சக தந்தியாளருடன் கம்பிவழிப் பகிடி பேசத் தொடங்குகிறாள். பின்னர் இருவரும் ஒரே விடுதியில் வாழநேர்ந்தபோதும், நேரிற் சொல்ல நாணியதைச் சொல்வதற்கு அறைகளுக்கிடையே ஒரு கம்பியைக் கட்டிக்கொள்கின்றனர். இலக்கியத் தரத்தில் இந்நாவலை உயர்ந்ததெனக் கூறுவதற்கில்லை. எனினும் ஒரு தொழிற் குழுவின் அன்றாடப் பேச்சை உள்ளிருந்து காட்டும் ஆவணம் என்ற வகையில் அதன் பெறுமதி பெரிது.

கம்பியில் நிலவிய இச்சமத்துவம் கூலிப் பட்டியலை எட்டவில்லை. 1860களின் நடுப்பகுதியில் தந்தியாளரின் தொழிற் பத்திரிகையிற் பெண்களை ஏற்கலாமா என்ற விவாதம் கடுமையாக நடந்தது. பெண்கள் புனைபெயரில் விடையெழுதினர். 1869இல் வெஸ்டர்ன் யூனியனின் ஆதரவுடன் நியூ யோர்க்கின் கூப்பர் யூனியன் நிறுவனத்திற் பெண்களுக்கு இலவசத் தந்திப் பயிற்சி தொடங்கப்பட்டபோது, அது கூலியைக் குறைக்கும் சூழ்ச்சியென ஆண்கள் பலர் கருதினர். கம்பனியின் நோக்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் கருதியது ஆதாரமற்றதன்று. ஆயின் சினத்தைப் பெண்கள்மேற் காட்டியது வர்க்க உணர்வின் குறைபாடே.

இவ்விடத்தில் முற்போக்காளரிடமிருந்து வரக்கூடிய ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். பகிடி தொழிலாளரின் துன்பத்தை மறக்கச் செய்து, சுரண்டலுடன் இணங்கிப்போக வைப்பதல்லவா என அவர்கள் வினவலாம். இவ்வினாவுக்கு வலுச்சேர்க்கும் ஆய்வுகள் உண்டு. 1950களின் இறுதியில் டொனால்ட் றோய் வெளியிட்ட கட்டுரையொன்று, ஆலையொன்றில் சலிப்பூட்டும் வேலை செய்த ஒரு சிறு குழுவினர் நீண்ட வேலைநாளை எவ்வாறு கடத்தினர் என விவரித்தது. ஒருவரின் உணவுப் பெட்டியிலிருந்து மற்றொருவர் நாள்தோறும் வாழைப்பழத்தைத் திருடி உண்பதும், அதனையொட்டி எழும் போலிச் சண்டையும் அவர்களுக்குக் கடிகாரமாய் அமைந்தன. மைக்கேல் புராவோய் 1979இல் வெளியிட்ட நூல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வேலைத்தளத்தில் தொழிலாளர் தாமே ஆடும் விளையாட்டுகள் முதலாளித்துவ உற்பத்திக்கு அவர்களது சம்மதத்தை உருவாக்குகின்றன என்பது அவரது வாதம்.

இவ்வாதத்தை நாம் புறக்கணிக்கவில்லை. நள்ளிரவுத் தனிமையைப் பகிடி தாங்கத்தக்கதாக்கியது என்றால், கம்பனியின் நள்ளிரவுப் பணியையும் அதுவே தாங்கத்தக்கதாக்கியது. ஆயினும் புராவோய் நோக்கியது உற்பத்தி இலக்கை எட்டும் விளையாட்டை. அதன் பரிசு கம்பனியின் கணக்கேட்டிலேயே பதிவாகின்றது. தந்தியாளரின் பகிடிக்கு அத்தகைய இலக்கு இல்லை. அது செய்த வேலை வேறு. யார் எந்த நிலையத்தில் இருக்கிறார், யார் நம்பத்தக்கவர், யார் இன்னல் நேரும்போது கம்பியில் இருப்பார் என்னும் அறிவை அது நாடெங்கும் பரப்பி வைத்தது. இவ்வறிவு கம்பனியின் எந்தப் பதிவேட்டிலும் இருக்கவில்லை.

அதன் பயன் 1883இல் வெளிப்பட்டது. நிதிமுதலாளி ஜே கூல்டின் பிடியில் வெஸ்டர்ன் யூனியன் 1881 முதல் இருந்து வந்தது. தந்தியாளரின் சகோதர சங்கம் 'தொழில் வீரர்கள்' எனப்பட்ட பேரமைப்பின் ஒரு பிரிவாக இயங்கியது. ஊதிய உயர்வு, குறைந்த வேலைநேரம், ஞாயிறு வேலைக்குத் தனிக்கூலி என்பனவற்றுடன், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமஊதியம் என்பதையும் அது கோரியது. ஜூலை 19ஆந் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வெவ்வேறு நகரங்களில் ஒரே நாளிற் சாவியை விட்டெழுந்தனர், பெண்களும் எழுந்தனர். ஒருவரையொருவர் கண்டிராதோர் இவ்வாறு ஒருங்கே எழுந்தமைக்குச் சங்கத்தின் அமைப்பு வேலை மட்டும் காரணமன்று என்பதே எமது துணிபு. அவர்கள் முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் பெண்களைச் சேர்க்கத் தயங்கிய அதே தொழிற் குழு சமஊதியத்தைக் கோரிக்கையாக்கியதிலும், குறிகளின் பின்னிருந்து பேசிய அக்கால நட்புக்குப் பங்குண்டு எனக் கருத இடமுண்டு.

வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தோல்வியுற்றது. சங்கத்திடம் நிதி இல்லை. கம்பனியிடம் காத்திருக்கும் வலிமை இருந்தது. மீண்டும் வேலைக்கு வந்தோரிடம் சங்கத்தைக் கைவிடுவதாக எழுத்தில் உறுதி பெறப்பட்டது. பகிடி திரட்டிய சமூகத்தைப் பகிடி காப்பாற்ற இயலாது. அதற்குப் பணமும் நேசசக்திகளும் வேண்டும். ஏனைய தொழிலாளரினும் தாம் உயர்ந்தவர் என்ற எண்ணம் தந்தியாளரிடம் இருந்ததும் அவர்களைத் தனிமைப்படுத்தியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரவிய தொலையச்சுப் பொறி இத்திண்ணையைக் கலைத்தது. அதனை இயக்குவோருக்கு மோர்ஸ் மொழி தேவையில்லை. தட்டச்சுத் தெரிந்தாற் போதும். செவிக்குத் தனித்த கையின் சந்தம் எட்டுவதில்லை. வெஸ்டர்ன் யூனியன் 2006 ஜனவரியில் தந்திச் சேவையை நிறுத்தியது. இந்தியாவில் 2013 ஜூலையில் அது முடிவுற்றது. திறமையற்ற தந்தியாளரைப் பழிக்க வழங்கிய 'ஹாம்' என்னும் சொல்லைப் பின்வந்த வானொலி ஆர்வலர் தமது பெயராகவே சூடிக்கொண்டனர். உலகின் எப்பகுதியில் இருப்பினும் அவர்கள் இன்றும் உரையாடலை முடிக்கையில் 73 என்றே கூறி விடைபெறுகின்றனர்.