வாய் வறட்சியும் ஒரு புளிப்பு மிட்டாயும்

வயதானவர்கள் பலரின் தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு டப்பா புளிப்பு மிட்டாயும் இருக்கும். நடுராத்திரியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு மடக்குத் தண்ணீர், அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒரு மிட்டாய். தண்ணீரால் கெடுதல் இல்லை. பல்லுக்கு வினை மிட்டாயில்தான் இருக்கிறது.

காதுக்கு முன்னாலும் தாடைக்கும் நாக்குக்கும் அடியிலும் உள்ள சுரப்பிகள் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கின்றன. இனிப்பு எதைச் சாப்பிட்டாலும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைக் கழுவி முறிக்கிறது. அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் மறுபடி படிகின்றன. எச்சில் குறைந்தால் இந்தப் பழுதுபார்க்கும் வேலை நின்றுபோகிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கே தூக்கத்தில் எச்சில் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் அடக்கிய மிட்டாயின் சர்க்கரையும் புளிப்பும் பல்லிலேயே தங்கிவிடுகின்றன.

இப்படி வரும் சொத்தைக்கு ஒரு அடையாளம் உண்டு. ஈறு இறங்கி வேர் தெரியும் இடத்தில், பல்லைச் சுற்றிப் பழுப்பு வளையமாக அது ஆரம்பிக்கும். வேரின் மேல் எனாமல் கிடையாது. லேசான அமிலமே வேரைக் கரைத்துவிடும். கீழ்வரிசை முன்பற்கள் எந்நேரமும் எச்சிலில் நனைந்திருப்பதால் லேசில் சொத்தையாவதில்லை. அவையும் சொத்தையானால் வாய் வறட்சி இருக்குமோ என்று பல் மருத்துவர் சந்தேகப்படுவார். பரிசோதிக்கும் கண்ணாடி கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வீட்டில் நீங்களே கவனிக்கலாம்: தண்ணீர் இல்லாமல் ஒரு ரஸ்க்கை விழுங்க முடிகிறதா?

சொத்தை மட்டுமல்ல. பூஞ்சைத் தொற்றால் வாயில் வெள்ளைப் படலம் வரலாம். நாக்கு சிவந்து, கொஞ்சம் காரம் பட்டாலே எரியலாம். பல்செட் பிடிமானம் இல்லாமல் ஆடி ஈறைப் புண்ணாக்கும். வாய் நாற்றமும் கூடும்.

‘வயசானா அப்படித்தான்’ என்று வாய் வறட்சியை ஒதுக்குவது சரியல்ல. பெரும்பாலும் காரணம் மாத்திரை டப்பாவில் இருக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான மருந்துகள், ரத்த அழுத்தத்துக்காகத் தரும் நீர் பிரியும் மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும், மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவதும் வாயை உலர்த்தும். கண்ணும் சேர்ந்து உலர்ந்து உறுத்தினால் ஷோக்ரன் நோயா என்று பார்க்க வேண்டும். சொந்த உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்கள், சிகிச்சை தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கதிர்பட்ட தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

மாத்திரைதான் காரணம் என்று தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியுமா என்பதை, எழுதிக் கொடுத்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மிட்டாய்க்குப் பதிலாகச் சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை மெல்லுங்கள். சைலிட்டால் கலந்ததாக இருந்தால் நல்லது. மெல்லும் அசைவே எச்சிலைத் தூண்டும். சர்க்கரை இல்லை என்று போட்டிருந்தாலும் புளிப்பு மிட்டாய் வேண்டாம், அந்தப் புளிப்பும் அமிலம்தான். எலுமிச்சை ஜூஸை நாளெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருப்பதும் அப்படியே. சர்க்கரை போட்ட டீயைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் குடிப்பதைவிட ஒரே மூச்சில் குடித்து முடித்து, தண்ணீரால் கொப்பளிப்பது மேல். சாப்பாட்டில் ரசம், மோர், குழம்பு தாராளமாக இருக்கட்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மௌத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள்.

பற்பசையில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் அது கிடையாது. ராத்திரி படுக்கும் முன் தேய்த்துத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுங்கள். ஃப்ளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யட்டும். அப்படியும் வறட்சி குறையவில்லை என்றால் செயற்கை எச்சில் ஜெல்லும் ஸ்பிரேயும் இருக்கின்றன. பைலோகார்ப்பின் என்ற மாத்திரை எச்சிலைச் சுரக்க வைக்கும். ஆனால் ஆஸ்துமாவும் சில வகைக் கண் அழுத்த நோயும் இருப்பவர்களுக்கு அது ஆகாது.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகக் காட்டுங்கள்.