ஒரு வாளி நீரில் ஒரு திருவிழா

ஓடும் நீரைக் கண்டால் கையை நீட்டாத குழந்தை உண்டா? குழாயின் வாயை விரலால் பாதி அடைத்து, நீரை விசிறி போலப் பீய்ச்சி அடிக்கும் விளையாட்டை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அது தானாக வருகிறது. அந்த விளையாட்டையே பெரிய அளவில் செய்து, அசையும் சிற்பம் என்று பெயரிட்டு, மேல்நாடுகளில் நகரச் சதுக்கங்களில் நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ழான் டிங்கேலி என்ற சிற்பி 1977-ல் அமைத்த நீரூற்று அப்படிப்பட்டது. இடிக்கப்பட்ட பழைய நாடக அரங்கின் இயந்திர உதிரிகளைக் கொண்டு அவர் செய்த கறுப்பு உருவங்கள், ஆழமில்லாத ஒரு குளத்தில் நின்று நீரை அள்ளுகின்றன, வீசுகின்றன, தெளிக்கின்றன. அந்த மேடையில் நடித்தவர்களே இரும்பாக மாறி வந்து நிற்பது போல இருக்கும்.

இதெல்லாம் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்களின் பொழுதுபோக்கு என்று அன்பர்கள் நினைக்கலாம். தலைநகரில் வாழும் நமக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. 2024 மே மாதக் கடும் வெயிலில், குழாய் வைத்துக் கார் கழுவுவது போன்ற செயல்களால் தண்ணீரை வீணாக்குபவர்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு அறிவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பின் வந்த எங்கள் குழந்தைகள் விழாவில், நீரால் இயங்கும் விளையாட்டுச் சிற்பம் ஒன்றைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று நான் சொன்னேன். குழுவில் இருந்த ஒரு மாமி உடனே கேட்டார்: "விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து தண்ணி லாரிக்குக் காத்துண்டு நிக்கறோம். நீங்க தண்ணியை வெச்சு விளையாட்டுக் காட்டப் போறேளா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியபோது, நம் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு பழைய வேலைப்பாடுகள் எனக்குக் கைகொடுத்தன.

முதலாவது, ராஜஸ்தானில் பரத்பூருக்கு வடக்கே உள்ள டீக் அரண்மனை. மதுரா போகிறவர்கள் அப்படியே ஒரு நடை போய்வரலாம். 18-ம் நூற்றாண்டில் ஜாட் அரசர் சூரஜ்மல் காலத்தில் எழுந்த கோடைகால மாளிகை அது. வறண்ட அந்தப் பூமியில் அரசருக்கு ஆசை மழையின் மீது. கேசவ பவனம் என்ற திறந்த மண்டபத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான நீர்ப்பீச்சுகள். மண்டபத்தின் இரட்டைக் கூரைக்கு நடுவே கல் உருண்டைகள் கிடந்ததாகவும், நீரின் வேகத்தில் அவை உருண்டு இடி முழக்கம் எழுப்பியதாகவும் சொல்கிறார்கள். வெளியே மழை, மேலே இடி, உள்ளே அரசர்!

இத்தனைக்கும் மோட்டார் கிடையாது. உயரத்தில் ஒரு பெரிய நீர்த்தொட்டி. எருதுகளைப் பூட்டி, நம் ஊர்க் கமலை போலத் தோல் வாளியில் இறைத்து, பல நாள் பாடுபட்டு அதை நிரப்புவார்கள். தொட்டிச் சுவரில் வரிசையாகத் துளைகள். துளைகளிலிருந்து புறப்படும் குழாய்கள் கீழே பீச்சுகளுக்குப் போகின்றன. துளையின் வாயில் வண்ணப்பொடி மூட்டையைச் செருகிவிட்டால் பீச்சு செம்மையாகவோ பச்சையாகவோ எழும்பும். விழா நாட்களில் இந்த வண்ண நீரூற்றுகளை இன்றும் திறந்துவிடும் வழக்கம் உண்டு. பல நாள் சேர்த்த நீர் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இதில் உள்ள கணக்கு எளியது. நீருக்கு வேகம் தருவது அதன் உயரம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர், உராய்வைக் கழித்துப் பார்த்தால், வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். அந்த உயரத்துக்கு நீரை ஏற்றியது யாரோ ஒருவருடைய உழைப்பு. எருதின் உழைப்பை நீர் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு விளையாட்டாகத் திருப்பித் தருகிறது. டீக் அரசரிடம் அந்த விளையாட்டைப் பார்ப்பவன் ஒருவன், நீர் இறைத்தவன் வேறொருவன். அதுதான் எனக்கு உறுத்தியது. இறைப்பவனே விளையாடுபவனாக இருந்தால் என்ன?

இரண்டாவது, வடநாட்டில் பழைய நாளில் செய்துவந்த வசுதேவர் கிண்ணம். பித்தளைக் கிண்ணத்தின் நடுவே வசுதேவர் நிற்பார், கையில் குழந்தைக் கண்ணன். கிண்ணத்தில் நீர் ஊற்றுகிறோம், யமுனை பெருகுகிறது. வசுதேவரின் இடுப்பு, மார்பு, கழுத்து என்று ஏறுகிறது. குழந்தையின் பாதத்தைத் தொட்டதுமே, கிண்ணத்து நீர் முழுவதும் அடியிலுள்ள துளை வழியே வடிந்து போய்விடும்! பாதம் பட்ட யமுனை வழிவிட்டது என்ற கதையை ஒரு தட்டான் கையளவு பாத்திரத்தில் நடத்திக் காட்டிவிட்டான்.

ரகசியம் சிலைக்குள் இருக்கிறது. தலைகீழாகக் கவிழ்த்த "ப" வடிவக் குழாய் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு கால் கிண்ணத்தின் அடியருகே நிற்கும், நீண்ட மறு கால் அடியைத் துளைத்து வெளியே போகும். வளைவின் உச்சி, குழந்தையின் பாத உயரம். நீர் உச்சியைத் தாண்டியதும் நீண்ட காலில் இறங்கும் நீர் தன் பின்னால் உள்ள நீரையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. இந்தக் கிண்ணத்துக்கு வேண்டிய நீர் எவ்வளவு? ஒன்றிரண்டு டம்ளர். வடிந்ததைப் பிடித்து மறுபடி ஊற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

மாமிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுவேதான். "ஒரே ஒரு வாளி. அதற்கு மேல் ஒரு சொட்டு கேட்க மாட்டேன்" என்றேன். "பார்த்துடலாம்" என்று அனுமதி கிடைத்தது.

ஆறடிப் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து நிறுத்தினோம். மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து கவ்வி வைத்த ரப்பர் குழாய் வழியாக நீர் இறங்கும். கவ்வியைத் திருகுவது குழந்தையின் கை. இறங்கும் நீர் பழைய கரண்டிகளைச் செருகிய சக்கரத்தைச் சுற்றும். அடுத்தது ஒரு மூங்கில் துண்டு. ஜப்பானில் வயலுக்கு வரும் மானை விரட்ட இதைப் பயன்படுத்தினார்கள். ஒரு முனை மூடியது, மறு முனை திறந்தது. காலியாக இருக்கையில் மூடிய பக்கம் கனமாகக் கீழே கிடக்கும்படி குறுக்கே அச்சாணி கோக்க வேண்டும். திறந்த வாயில் நீர் சேரச் சேர அந்தப் பக்கம் கனக்கும். ஒரு கணத்தில் தலை கவிழ்ந்து நீரைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து விழும். விழும் இடத்தில் நாங்கள் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தோம். "டங்" என்ற சத்தத்துக்காகவே குழந்தைகள் கூட்டமாக நின்றார்கள். கடைசியில் வசுதேவர் கிண்ணம். அதிலிருந்து வடிவது கீழே உள்ள தொட்டிக்குப் போய்ச் சேரும்.

மின்சாரம் இல்லை. கீழே சேர்ந்த நீரைச் செம்பில் மொண்டு, முக்காலியில் ஏறி, மேலே ஊற்றுகிறவருக்குத்தான் அடுத்த ஆட்டம். எருதின் வேலையைக் குழந்தைகள் ஆசையாகச் செய்தார்கள்! காலையில் அளந்து ஊற்றியது 20 லிட்டர். மாலையில் 13 லிட்டர் மிஞ்சியது. மற்றது சட்டைகளிலும் தரையிலும். மிஞ்சியதைச் சங்கத்துத் துளசிச் செடிகளுக்கு ஊற்றியவர், அந்த மாமி.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்குக் கிண்ணத்தின் வழி இதோ. ஒரு பிளாஸ்டிக் டம்ளர், வளையும் உறிஞ்சு குழல் ஒன்று போதும். டம்ளரின் அடியில் குழல் இறுக நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். நீண்ட பகுதியைத் துளை வழியே வெளியே விடுங்கள். வளைந்த குட்டைப் பகுதி, டம்ளரின் அடியைத் தொட்டும் தொடாமலும் உள்ளே நிற்க வேண்டும். வளைவு விளிம்புக்குக் கீழே இருக்கட்டும். துளையைச் சுற்றி மெழுகோ எம்-சீலோ பூசி அடையுங்கள். இப்போது நீர் ஊற்றுங்கள். மெல்லிய குழலாகப் பாருங்கள். பெரிய குழலில் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அது வளைவைத் தாண்டிச் சும்மா கசிந்துகொண்டிருக்குமே தவிர, இழுவை தொடங்காது.

முன்னே ஒரு சின்ன மரப்பொம்மையை நிறுத்தி வைத்து, பேரன் பேத்திக்கு யமுனையின் கதையைச் சொல்லுங்கள். நீரை எப்படி மதிப்பது என்று மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறோம். தானே மொண்டு, தானே தூக்கி, தானே ஊற்றிய குழந்தைக்கு ஒரு செம்பு நீரின் எடை தெரியும். வழியில் சிந்திவிடாமல் அது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தால், நம் பேச்சு தேவையில்லை என்று உங்களுக்கே தோன்றும்.