குற்றமில்லை என்பது காப்பு ஆகாது

மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பகுதி வேலை நீக்க வழக்குகள். அவற்றில் ஒரு வகைக்காரர்கள் மட்டும், கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பேசவே தொடங்குவார்கள். "மேடம், நான் தன்பாலீர்ப்பாளன். ஆபீஸ்ல தெரிஞ்சுபோச்சு. நாளைல இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. அதான் 377 போயிடுச்சே, கேஸ் போடலாம்ல?"

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வேலை கவர்மென்ட்லயா, பிரைவேட்லயா?" அவருக்குச் சட்டத்தில் வழி உண்டா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர் மனமொத்து உறவுகொள்வதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ் குற்றமாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பிரிட்டிஷார் 1860-இல் எழுதிவைத்த பிரிவு அது. காவல் நிலையத்தின் பிடியிலிருந்து பல லட்சம் பேரை அந்தத் தீர்ப்பு விடுவித்தது. ஆனால் முதலாளியையும் வீட்டு உரிமையாளரையும் விடுதிக் காப்பாளரையும் கட்டுப்படுத்தும் சட்டம் எதையும் அது புதிதாக உருவாக்கவில்லை. இந்த வேறுபாட்டை என்னிடம் வருகிறவர்களுக்கு விளக்குவதுதான் இருப்பதிலேயே கடினம்.

அரசு வேலை என்றால் அரசமைப்புச் சட்டமே துணைக்கு வரும். அதன் 15, 16-ஆம் கூறுகள் பால் அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. பாலின அடையாளமும் அதில் அடங்கும் என்று 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலீர்ப்புக்கும் அந்தக் காப்பு உண்டு என்பது 2018 தீர்ப்பில் தெளிவானது. உத்தரப் பிரதேசத்தில் ஊர்க்காவல் படை வீரர் ஒருவர், தன் துணைவருடன் இருந்த காணொளி பரவியதால் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்த உத்தரவை ரத்து செய்து அவரை மீண்டும் பணியில் சேர்க்கும்படி 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நம் ஊரில் பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் ஆனதும் இதே வழியில்தான். திருநங்கை என்பதால் நிராகரிக்கப்பட்ட அவருடைய விண்ணப்பத்துக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழி திறந்துவிட்டது.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் திருநங்கைக்கும் திருநம்பிக்கும் 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கல்வி, வேலை, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்று அதன் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. ஆனால் 3-ஆம் பிரிவை மீறினால் என்ன தண்டனை என்று 2019-இல் எழுதப்பட்ட சட்டம் சொல்லவில்லை. அதன் விளைவை இரண்டு தனியார் பள்ளிகளில் அடுத்தடுத்து வாய்ப்பிழந்த திருநங்கை ஆசிரியை ஒருவர் அனுபவித்தார். உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 அக்டோபரில்தான் அவருக்கு இழப்பீடு கிடைத்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்தாத அரசுகளை அன்று நீதிமன்றம் கடிந்துகொண்டது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பேசிய அந்த இளைஞர் தனியார் ஊழியர் என்றால், அவருக்கு அந்த அளவு காப்பும் இல்லை. பாலீர்ப்பு என்ற சொல்லை வெளிப்படையாக எழுதி, அதை வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொல்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் அது மனநலச் சிகிச்சைக்கு மட்டும் பொருந்தும். தனியார் அலுவலகத்துக்கு அப்படி எழுதிய சட்டம் நாட்டில் இல்லை.

இந்த விஷயத்தில் நம் உயர் நீதிமன்றம் செய்திருப்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்த இரு இளம்பெண்களைப் பெற்றோரும் போலீஸும் தேடியபோது, வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கே தெளிவு வேண்டும் என்று உளவியலாளர் ஒருவருடன் அமர்ந்து பேசிய பிறகு, 2021 ஜூன் 7 அன்று அவர் உத்தரவு எழுதினார். காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் மனமொத்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த இன்னொரு அமர்வு, திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை எனச் சொன்னது.

இத்தனைக்குப் பிறகும், வேலை போனவருக்கு நான் காட்ட முடிகிற வழி குறுகலானது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. மேல்முறையீடு செய்யலாம். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம் என்கிறேன். சில வழக்குகளில் நிலுவைச் சம்பளம் கிடைக்கிறது. ஆனால் அந்த வழக்குக் கட்டு முழுவதும் நோட்டீஸ் கொடுத்தார்களா, விசாரணை நடத்தினார்களா என்பதே பேச்சாக இருக்கும். அவர் ஏன் நீக்கப்பட்டார் என்பது ஒரு பக்கத்திலும் இருக்காது. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, அதை எழுதவே வேண்டாம் என்று அவரே கெஞ்சுவார். காரணத்தைச் சொல்லிக் கேட்க உரிமை தரும் சட்டம் இல்லாதபோது, சொல்லுங்கள் என்று நானும் எப்படி வற்புறுத்துவேன்?

நாடு முழுமைக்குமான பாகுபாடு தடைச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும். அதற்காகத் தமிழ்நாடு கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் விஷயத்தில் மாநிலத்துக்கும் சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் இதே கடைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது நம் சட்டமன்றம்தான். பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, மீறினால் இன்ன தண்டனை என்று இன்னொரு பிரிவையும் அதே சட்டமன்றம் சேர்க்கலாம். அடுத்த கூட்டத்தொடரிலேயே சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நீங்களும் கேளுங்கள்.