கடலுக்குச் சென்ற சால்மன்கள்

பிழைப்பைத் தேடித் தொலைதேசம் செல்வதும், காலம் கனிந்தபின் பிறந்த இடத்துக்கு மீள்வதும் மனிதருக்கு மட்டும் உரிய செயல்கள் அல்ல. மீன்களிலும் அத்தகைய இனங்கள் உண்டு. கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழன்பர்கள், மழைக்காலத்தில் அந்நகரத்தார் இலிஷ் மீனைக் கொண்டாடுவதைக் கண்டிருப்பார்கள். நம்மவர் உல்லம் என்று அழைக்கும் அம்மீன், கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிரேறி வருவதாகும். இவ்வழக்கம் உடைய மீன்களுள் உலகப் புகழ் பெற்றது சால்மன். மும்பைச் சந்தையில் ராவஸ் என்றும், தமிழகத்துக் கரையில் காலா என்றும் பெயர் பெற்ற மீனையும் ஆங்கிலத்தில் 'இந்தியச் சால்மன்' என்பர். ஆனால் அது பெயரளவில் உறவேயன்றிக் குலத்தால் உறவன்று. உண்மையான சால்மன் குளிர்நாட்டு மீன். வட பசிபிக் கடலும் வட அட்லாண்டிக் கடலுமே அதன் மேய்ச்சல் நிலங்கள்.

சால்மன் ஆற்றில் பிறக்கிறது, ஆற்றில் முட்டையிடுகிறது. ஆகவே அதன் நன்மை தீமைகள் யாவும் ஆற்றிலேயே தீர்மானமாகின்றன என்று மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அணைகளை ஆராய்ந்தனர், முட்டைகளை எண்ணினர், குஞ்சு பொரிக்கும் பண்ணைகளை நிறுவினர். இடையில் அது கடலில் கழிக்கும் ஆண்டுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட்டாரில்லை. அந்த எண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதைக் கனடா நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கிற்று.

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிரேசர் என்னும் பேராறு ஓடுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். சிவந்த ஊன் உடைய சாக்கை என்னும் சால்மன் வகைக்கு அவ்வாறு பேர்போனது. 2009ஆம் ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாக்கை மீன்கள் கடலிலிருந்து திரும்பும் என்று மீன்வளத் துறையினர் கணித்திருந்தனர். திரும்பியவையோ ஏறக்குறைய 15 இலட்சமே. வணிக மீனவரின் படகுகள் கரையிலேயே கிடந்தன. தலைமுறை தலைமுறையாகச் சால்மனை உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்துவந்த பழங்குடி மக்கள் பெரிதும் கலங்கினர். காரணத்தை ஆராயுமாறு நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் அரசாங்கம் விசாரணை ஆணையம் ஒன்றை நியமித்தது.

ஆணையம் தன் வேலையைத் தொடங்கிய மறு ஆண்டிலேயே மற்றொரு வியப்பு நேர்ந்தது. 2010ஆம் ஆண்டில் அதே ஆற்றில் 2 கோடியே 80 இலட்சம் அளவில் மீன்கள் வந்து குவிந்தன. 1913ஆம் ஆண்டுக்குப்பின் அத்துணைப் பெருக்கத்தை எவரும் கண்டதில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகுவது அவ்வாற்று மீனின் இயல்பே. 2010 அத்தகைய ஆண்டுதான். ஆயினும் அந்த இயல்பு ஒன்றைக்கொண்டே இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்கிவிட இயலாது.

இதற்கு விடை தேடுமுன், மீனின் வாழ்க்கையைச் சற்றே அறிந்துகொள்வோம். ஒரு பெண் சாக்கை மூவாயிரம் அல்லது நாலாயிரம் முட்டைகள் இடும். அவற்றுள் இரண்டே இரண்டு மீன்கள் முதிர்ந்து திரும்பினாலும் இனம் குறையாது நிலைத்து நிற்கும். ஏனையவை அழிவது இயற்கையின் ஏற்பாடு. பொரித்த குஞ்சு ஏரியில் ஓராண்டு, சில வேளை ஈராண்டு வளர்கிறது. பின்னர் வசந்தகாலத்தில் அதன் உடலில் பெரியதொரு மாறுதல் உண்டாகிறது. மேனி வெள்ளிபோல் மின்னத் தொடங்குகிறது. இதுகாறும் உடலிலுள்ள உப்பை இழந்துவிடாமல் காத்துவந்த செவுள்கள், இனி மிகுதியான உப்பை வெளியேற்றக் கற்றுக்கொள்கின்றன. நன்னீரில் நீரைப் பருகத் தேவையற்றிருந்த மீன், கடலில் உப்புநீரையே பருகி உயிர்வாழ வேண்டும். பிறந்த நீரின் மணமும் அப்பருவத்திலேயே அதன் நினைவில் பதிகிறது. அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் ஹாஸ்லர் 1951இல் தம் துணைவருடன் வெளியிட்ட இக்கருத்து, பிற்காலச் சோதனைகளால் உறுதிப்பட்டது.

இவ்வாறு கடல் புகும் இளமீன் ஒரு சாண் நீளம்கூட இராது. அதற்கு நேரும் அபாயங்களோ பல. கடற்பறவை கொத்துகிறது, பெரிய மீன் விழுங்குகிறது, கடல்நாய் வேட்டையாடுகிறது. வாய்க்கு அடங்கும் இரையையே பகைவர் விழுங்குவராதலால், விரைவில் பருத்துவிட்ட மீன் பிழைக்கும். மெல்ல வளர்வது மடியும். இது முதற் சோதனை. கோடை கழிந்து குளிர்காலம் வந்ததும் கடலில் இரை அருகிப்போகிறது. அப்போது உடலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துள்ள மீனே தாங்கும். இது இரண்டாம் சோதனை. பீமிஷ், மான்கென் என்னும் இரு அறிஞர்கள் 2001ஆம் ஆண்டில் இக்கருத்தை ஒழுங்குபட வகுத்துரைத்தனர். முதற்கோடை முடிவதற்குள் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டாத மீன், முதற்குளிரைக் கடப்பது அரிது என்பது அதன் சாரம்.

கடலில் மடிந்த மீனைக் காண இயலாதபோது இதை எவ்வாறு அறிந்தனர் என்று நேயர்கள் வினவலாம். மரத்தின் அடியில் ஆண்டு வளையங்கள் தோன்றுவதுபோல், மீனின் செதிலிலும் வளர்ச்சி வளையங்கள் தோன்றுகின்றன. நன்கு உண்டு வளர்ந்த காலத்தில் அவை அகன்றும், பசித்த காலத்தில் நெருங்கியும் அமைகின்றன. கோடையில் பிடித்த இளமீன்களின் செதில்களையும், உயிர்தப்பி மீண்ட முதிர்மீன்களின் செதில்களையும் ஒப்பிட்டனர். மீண்டவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே விரைந்து வளர்ந்தவையாக இருந்தன. மடிந்தவற்றின் வரலாற்றைப் பிழைத்தவற்றின் செதில்கள் கூறின எனலாம்.

அவ்வாறாயின், மீன் விரைந்து வளர்வது எதனைப் பொறுத்தது? கடலின் சமையலறையைப் பொறுத்தது. காற்று கரையோரமாக ஒரு திசையில் வீசி மேல்நீரை அப்பால் தள்ளும்போது, ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்து மிக்க நீர் மேலெழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையில் நிகழ்வதும் இதுவே. அங்கே சாளை மீன் கொழுப்பதற்கு அதுவே அடிப்படை. சத்துநீரில் நுண்பாசிகள் பெருகும். அவற்றை உண்டு இறால் குலத்துச் சிற்றுயிர்கள் பெருகும். அவற்றையும் அவற்றை உண்ணும் சிறு மீன்களையும் சால்மன் உண்ணும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், நியூபோர்ட் துறைமுகத்துக்கு அப்பால் 1996ஆம் ஆண்டு முதல் இச்சிற்றுயிர்களை அள்ளி ஆராய்ந்து வருகின்றனர். வடக்கிலிருந்து குளிர்நீர் வரும் ஆண்டுகளில் அவை கொழுப்பு நிறைந்தவையாகவும், தெற்கிலிருந்து வெந்நீர் வரும் ஆண்டுகளில் சிறியனவாகவும் மெலிந்தனவாகவும் இருக்கின்றன. முன்னது சால்மனுக்கு விருந்து. பின்னது வயிறு நிறைந்தும் பசி தீராத உணவு.

இப்போது பிரேசர் ஆற்றுப் புதிருக்கு மீள்வோம். 2009இல் திரும்பியிருக்க வேண்டிய மீன்கள், 2007ஆம் ஆண்டு வசந்தத்தில் கடல் புகுந்தவை. சில்கோ என்னும் ஏரியிலிருந்து வெளியேறும் இளமீன்களை அங்குள்ளோர் நெடுங்காலமாக எண்ணி வருகின்றனர். 2007இல் வெளியேறியவை 7 கோடிக்கும் மேல். அதற்கு முன் அத்துணை மீன்கள் அந்த ஏரியிலிருந்து புறப்பட்டதே இல்லை. அவற்றுள் நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆகவே ஏரி தன் கடமையைச் செய்தது. இழப்பு அதன்பின் நேர்ந்தது. 2007இல் இளமீன்கள் சென்ற கடற்பகுதியில் இரை குன்றியிருந்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2008இல் கடல் குளிர்ந்திருந்தது. அவ்வாண்டில் சென்றவையே 2010இல் பெருவெள்ளம்போல் மீண்டவை. 2012இல் அறிக்கை அளித்த கோஹன் ஆணையம், வீழ்ச்சியை எந்த ஒரு காரணத்தின் தலைமீதும் சுமத்தவில்லை. நோய், வெப்பம், மாசு முதலிய பலவற்றையும் ஆராய்ந்து, 75 பரிந்துரைகளை வழங்கியது.

கடல் எல்லா மீன்களுக்கும் ஒரே தீர்ப்பை வழங்குவதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 கோடியே 90 இலட்சம் சாக்கை மீன்கள் திரும்பி, முந்திய அளவுகளையெல்லாம் விஞ்சின. அதற்கு வடக்கே ஓடும் யூக்கான் ஆற்றிலோ, 2021இல் சம் என்னும் சால்மன் வகை வீழ்ச்சியுற்றது. குடும்ப உணவுக்காகச் சால்மன் பிடிப்பதும் தடுக்கப்பட்டது. மீன் உலர்த்தும் பரண்கள் வெறுமையாக நின்றன. இரண்டும் பெரிங் கடலைச் சார்ந்தவையே. வேறுபாடு எங்கே? பிரிஸ்டல் சாக்கை, ஏரியில் வளர்ந்து பருத்தபின் கடல் புகுகிறது. வெப்பம் ஏறியதால் ஏரிப் பனிக்கட்டி விரைவில் உருகி, அதன் வளர்ச்சி மிகுந்தது. சம் மீனோ, பொரித்த சில மாதங்களிலேயே சின்னஞ்சிறு குஞ்சாகக் கடலை அடைகிறது. கடல் வெம்மையுற்ற ஆண்டுகளில் அதற்குக் கிடைத்தது சத்துக் குறைந்த இரை. குளிரைத் தாங்கும் கொழுப்பு அதன் உடலில் சேரவில்லை.

அட்லாண்டிக் சால்மனின் நிலையும் கவலைக்குரியதே. 1983இல் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கையால், நாடுகள் பலவும் ஆழ்கடலில் அதைப் பிடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. எனினும் கடலில் அதன் பிழைப்பு முன்னைய அளவுக்கு உயரவில்லை. வலையை மடித்து வைப்பது தேவை. ஆயினும் அது மட்டும் போதாது.

அங்ஙனமாயின் மனிதன் செய்யக்கூடியது யாது? குஞ்சுகளை மேலும் மேலும் விட்டால் போதும் என்பது பழைய எண்ணம். வட பசிபிக் நாடுகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 கோடி இளஞ்சால்மன்களைப் பண்ணைகளிலிருந்து விடுகின்றன. ஆனால் கடலின் பந்தி அளவுடையது. இலைகள் பெருகினால் சோறு பெருகிவிடாது. காற்றையும் நீரோட்டத்தையும் நாம் ஆட்டிவைக்க இயலாது. உலகம் வெம்மையுறுவதைத் தணிப்பது எல்லா நாடுகளும் கூடிச் செய்யவேண்டிய நெடும்பணி. நம் கைக்கு எட்டுவது, புறப்படும் மீனை நல்ல உடலுடன் வழியனுப்புவதாகும். ஏரி தூயதாக, ஆறு குளிர்ந்ததாக, முகத்துவாரத்துச் சதுப்பு அழியாததாக இருத்தல் வேண்டும். சிற்றோடைகள் பலவும் காக்கப்பட்டால், சில மீன்கள் முந்தியும் சில பிந்தியும் கடல் புகும். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சம் நேர்ந்தாலும் மற்றொன்று தப்பும். பிரிஸ்டல் விரிகுடாவின் வளத்துக்கு இப்பன்மையும் ஒரு காரணம் என்பர். மேலும், கடலின் வெப்பத்தையும் இரையையும் அளந்து, வருவது குறைவு என்று தெரிந்தால் பிடிப்பதையும் முன்னரே குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஊரை விட்டுச் சென்றவன் அயலூரில் எதை எதிர்கொள்வான் என்பதை வீட்டார் அறியார். வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுப்பது மட்டுமே அவர்களால் இயலும். அந்தக் கட்டுச்சோறே, பல வேளைகளில், அவன் மீள்வதற்கும் மீளாமைக்கும் இடையே நிற்கிறது. கடலுக்குச் செல்லும் சால்மன் கேட்பதும் அவ்வளவே.